நல்ல பக்கம் உள்ளே

சேகர்,

கடிதம் என்றால் நலம் விசாரித்துத்தான் தொடங்கவேண்டும் என்று முதியோர் பள்ளி டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நீ எதிரே கூடத்தில் இரும்புப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு சட்டைகளை மடிக்கிறாய். உன் நலம் இங்கிருந்தே தெரிகிறது. அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். தறியில் ஏற்றவேண்டிய அடுத்த பாவு நூல் இன்னும் வந்து சேரவில்லை. காலித் தறியின் குறுக்கே பலகையைப் போட்டு அதன்மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். ஒரு வரி முடிப்பதற்குள் நீ ஒரு சட்டையை மடித்து, பிடிக்காமல் பிரித்து, மறுபடி மடித்துவிட்டாய். "யாருக்குப்பா எழுதற?" என்று கேட்டாய், எவ்வளவு உரக்கக் கேட்கிறாய் என்று உனக்கே தெரியாத குரலில். நான் உன்னைக் கை காட்டினேன். "நான் இங்கதானப்பா கீறேன்" என்று சிரித்துவிட்டுப் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாய். இருக்கிறாய், வெள்ளிக்கிழமை காலை வரைக்கும். இதை எழுதி முடிக்க எனக்கும் அதுவரைக்கும் ஆகும்.

இந்த வயதில் எழுத்து வந்ததில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தை நான் மறைப்பதில்லை. ஊரே கேலி செய்கிறது, செய்யட்டும். இத்தனை வருஷம் களம்பூர் பஸ்ஸையும் வேலூர் பஸ்ஸையும் கண்டக்டர் கூவுவதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருக்கையில் பலகையில் இருந்த கோடுகள் திடீரென்று கண்ணமங்கலம் ஆகிவிட்டன. நான் அந்த பஸ்ஸில் ஏறவேண்டியவன்கூட இல்லை. ஆனாலும் அது புறப்பட்டுப் போகும்வரை நின்று படித்துக்கொண்டே இருந்தேன். அன்று தீப்பெட்டி, சோப்புக் கட்டி, சினிமா போஸ்டர், சுவரில் எழுதியிருந்த ஓட்டுச் சின்னம் எல்லாவற்றையும் படித்துக்கொண்டு வீட்டுக்கு வர மதியம் ஆகிவிட்டது. "ஊர்ல கீற செவுத்தயெல்லாம் மேஞ்சிட்டு வராரு" என்று உன் அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் நான் படிக்கப் போனது பஸ்ஸுக்காக இல்லை. அது உனக்குத் தெரியும் என்றாலும் எழுதி வைக்கிறேன். வடக்கே ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து நீ போட்ட முதல் கடிதம் வந்தபோது வழக்கம்போல் பக்கத்துத் தறி முருகேசனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் கடிதங்களை எப்போதும் அவன் வாசலில் நின்று உரக்கப் படிப்பான். தெருவே கேட்கும். நீ மணல் தேசத்தில் டாங்கி ஓட்டுவதும் அங்கே ஒட்டகம் பார்ப்பதும் எங்கள் தெருவுக்கெல்லாம் கதை. அன்றும் உரக்கத்தான் ஆரம்பித்தான். சுடும் பயிற்சியில் விபத்து, உயிருக்கு ஒன்றும் இல்லை, இரண்டு காதும் போய்விட்டது, இனி வராது என்கிறார்கள் என்ற இடம் வந்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது. ஆனால் அதற்குள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். உன் அம்மா குழாயடியில் இருந்தாள். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் வழியிலேயே யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். என் பிள்ளையின் சேதியை என் பெண்டாட்டிக்குச் சொல்ல என்னால் முடியவில்லை. கடிதம் என் கையில்தான் இருந்தது. அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று முருகேசன் பிறகு சொன்னான்.

இனி உன்னோடு எப்படிப் பேசுவது என்பதுதான் அதற்கப்புறம் என்னைத் தூங்கவிடவில்லை. உனக்குக் கேட்காது. எனக்கு எழுதத் தெரியாது. நம் இருவருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. அடுத்த வாரமே பள்ளிக்கூடத்தில் மாலையில் நடக்கும் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். டீச்சர் சின்னப் பெண், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். எதற்காகப் படிக்கிறீர்கள் என்று எல்லாரையும் கேட்டார். ஒருவர் கையெழுத்துப் போட என்றார். ஒருவர் பேப்பர் படிக்க என்றார். என் பிள்ளையோடு பேச என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சிலேட்டில் முதலில் உன் பெயரைத்தான் எழுதிக்காட்டினார். அதனால் எனக்கு அ, ஆ தெரிவதற்கு முன்பே சேகர் தெரியும்.

நீ வந்து இறங்கியபோது கையில் இன்னொரு பெட்டியும் இருந்தது. மேலே டாங்கியின் படம் போட்ட அட்டைப் பெட்டி. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்துக் கட்டிலில் இருந்த கேப்டனுக்கு அவர் மனைவி வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்து கொடுத்ததாம். அவருடைய இரண்டு கைகளும் கட்டுக்குள் இருந்ததால், என்னால் ஒட்டமுடியாது, நீ ஒட்டு என்று உன்னிடம் கொடுத்துவிட்டாராம். உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள், சட்டத்தில் காய்த்துத் தொங்குவதுபோல. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஒரு பசை ட்யூப், படம் படமாய்ப் போட்ட ஒரு காகிதம். உலகத்தில் முதன்முதலில் சண்டைக்குப் போன டாங்கியின் சின்ன உருவம் என்று சொன்னாய். நீ ஓட்டியதுபோல் மேலே சுழலும் தலை இதற்கு இல்லை. சாய்த்து அழுத்திய கட்டம்போல் ஒரு உடம்பு, அதைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை, விலாவில் பீரங்கி, பின்னால் திரும்புவதற்கு இரண்டு சக்கரம். உன் அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "தேரு கவுந்தமாதிரி கீது, இதுல போயா சண்ட போட்டாங்க?" என்றாள். நீ அவள் வாயைப் பார்த்தாய். புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவைத்தாய்.

நீ வந்த புதிதில் கடைக்குப் போன இடத்தில் யாரோ "ஏம்பா கத்தற?" என்று சைகை காட்டியதிலிருந்து நீ பேசுவதையே விட்டுவிட்டாய். காலையில் உட்கார்ந்தால் துண்டு துண்டாய் வெட்டி எடுப்பாய், பிளேடால் சீவுவாய், எண்ணைப் பார்ப்பாய், திரும்ப வைத்துவிடுவாய். ஒட்டமாட்டாய். உன் அம்மா படவேட்டுக்கு நடந்தே போய் அம்மனுக்கு வெள்ளியில் காது செய்து போட்டுவிட்டு வந்தாள். வந்ததும் உன் முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். நீ திரும்பவில்லை. அவள் போய் அடுப்பை மூட்டினாள். நான் தறிக்குழியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது என்று யாராவது சொல்லியிருந்தால் செய்திருப்பேன்.

முதன்முதலில் உனக்கு நான் எழுதியது, காப்பி ஆறுகிறது என்பது. சிலேட்டை உன் முன்னால் நீட்டினேன். படித்தாய். என்னைப் பார்த்தாய். மறுபடி படித்தாய். "நீயா எழுதின?" என்றாய். பல நாளைக்கப்புறம் வந்த வார்த்தை அது. நான் அவசரமாய்த் துடைத்துவிட்டு, ஆமாம் என்று எழுதினேன். அன்றைக்கு நாம் காப்பியைப் பற்றியே சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தோம். எனக்குத் தெரிந்த சொற்கள் அவ்வளவுதான்.

அந்தத் தைரியத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நீ காது பரிசோதனைக்கு வேலூர் போயிருந்தாய். உன் துண்டுகள் பலகைமேல் வரிசையாய்ச் சீவித் தயாராய்க் கிடந்தன. காகிதம் இங்கிலீஷில் இருந்தாலும் எண்கள் எனக்குப் படிக்க வந்தன. நீ ஒட்டத் தயங்குகிறாய், நான் ஆரம்பித்துவைத்தால் நீ தொடருவாய் என்று நினைத்தேன். எண் பார்த்து எண்ணோடு சேர்த்துப் பசை தடவி, இரண்டு பக்கச் சுவர்களையும் உடம்போடு ஒட்டி, நூலால் கட்டிக் காயவைத்தேன். அந்தச் சுவர்களின் ஒரு பக்கம் வழவழவென்று இருக்கும், மறுபக்கம் முழுக்க ஆணித் தலைகள் புள்ளி புள்ளியாய். பூ வைத்த சேலை நெய்கிறவனுக்கு எது எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று சந்தேகமே வராது. தறியில் நல்ல பக்கம் தரையைப் பார்க்கும், நெய்பவனுக்குத் தெரிவது பின்பக்கம்தான். முடித்து, அறுத்து, திருப்பிப் போட்டால்தான் பூ. இத்தனை வருஷம் என் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. வேலைப்பாடு உள்ள பக்கத்தை உள்ளே வைத்து ஒட்டிவிட்டேன். உன் அம்மா அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னாங்க, படத்துல புள்ளி புள்ளியா கீது. நீங்க ஒட்னது மொழுமொழுன்னு கீதே."

"உனுக்கு இன்னா தெரியும்? நல்ல பக்கம் எப்பவும் உள்ளதான் இருக்கும்" என்றேன்.

"அப்ப திருப்பிப் போடுங்க பாப்பம்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, இதைத் திருப்பிப் போடமுடியாது என்று. நூலை அவிழ்த்து இழுத்துப் பார்த்தேன். அந்தப் பசை பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கிவிடுகிறது. நம் வீட்டுக் கஞ்சிப்பசை என்றால் தண்ணீரில் ஊறவைத்திருப்பேன். இரண்டு காதும் போய்த் திரும்பிய பிள்ளைக்கு மிச்சம் இருந்த ஒரே வேலை அது. அதையும் நான் கெடுத்துவிட்டேன். நீ வரும் பஸ் நேரம் நெருங்க நெருங்க, அதை எங்காவது ஒளித்துவிடலாமா என்றுகூட வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உன் அம்மாதான் என் கையிலிருந்து பிடுங்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

நீ வந்தாய். பார்த்தாய். கையில் எடுத்து, உள்ளே எட்டிப் பார்த்து, வெளியே தடவினாய். பிறகு முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாய். நான் சிலேட்டைத் தேடினேன், மன்னிப்பு என்ற சொல்லுக்கு எத்தனை சுழி என்று எனக்கு அப்போது தெரியாது. பக்கத்தில் வந்து பார்த்தால் நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். அளவில்லாத சத்தத்தில் சிரித்தாய். முருகேசன் வீட்டிலிருந்து ஓடிவந்து எட்டிப்பார்த்தார்கள். உன் அம்மா அழுதாள். நான் யார் பக்கம் சேருவது என்று தெரியாமல் நடுவில் நின்றேன்.

"பரவால்லப்பா" என்றாய். "நாங்க உள்ளதான ஒக்காந்துகினு இருந்தோம். உள்ளர்ந்து பாக்கறவனுக்கு இதான் சரி."

அதற்கப்புறம் நீயாகவே சொன்னாய். அந்த டாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் வயிற்றுக்குள் பார்த்தபடி. உள்ளே எவ்வளவு இடம், எவ்வளவு சூடு. உனக்கு மேலே உட்கார்ந்திருந்த பஞ்சாபிக்காரர் உன் தோளில் காலால் தட்டித்தான் உத்தரவு கொடுப்பார் என்றாய். வெடித்ததும் இருட்டாகிவிட்டது, சத்தம் என்பதே இல்லாமல் போய்விட்டது. "அவரு கால் மட்டும் என் தோள்ல தட்டிகினே இருந்துதுப்பா. அப்பறம் தட்டல." அவ்வளவுதான் சொன்னாய். சிலேட்டு என் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு உன் தோளில் கையை வைத்தேன். தட்டவில்லை. தட்டினால் எப்போதாவது நிறுத்தவேண்டியிருக்கும் என்று பயமாக இருந்தது. வெறுமனே வைத்திருந்தேன்.

மறுநாள் முதல் நீ ஒட்ட ஆரம்பித்தாய். மற்றதெல்லாம் வெளிப்பக்கம் வெளியே வைத்துச் சரியாகத்தான் ஒட்டினாய், அந்த இரண்டு சுவர்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டாய். சங்கிலிப் பட்டையின் முனைகளைச் சூடுகாட்டிச் சேர்க்கவேண்டும் என்று காகிதத்தில் இருந்ததாம். ஒரு பட்டையைக் கருக்கிவிட்டாய். உன் அம்மா புதுப் பாவைப் பழைய பாவோடு இழை இழையாய் முடிந்து புனைவதுபோல் விரலில் விபூதியைத் தொட்டுக்கொண்டு, பட்டு நூலால் அதை முடிந்துகொடுத்தாள். ஆயுத பூஜையன்று தறியின் நாடாவுக்கும் அச்சுக்கும் பொட்டு வைத்தவள் அதற்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அந்தச் சிவப்பு இன்னும் அதன் மூக்கில் இருக்கிறது.

அந்தக் காகிதத்தின் ஓரத்தில் இருந்ததை நீ படித்துச் சொன்னாய். அந்த முதல் டாங்கிக்குள் எந்திரச் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காதாம். இரும்பில் சுத்தியலால் தட்டித்தான் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வார்களாம். "அவங்களும் செவுடுங்கதாம்பா" என்றாய். எனக்கு அது பிடித்துப்போனது. தறித்தூணில் ஓங்கித் தட்டினேன். நீ உடனே திரும்பினாய், பலகைமேல் வைத்திருந்த உன் கைக்கு அதிர்வு வந்துவிட்டது. அன்றே பஸ் கண்டக்டர் கணக்கில் விதி போட்டுக்கொண்டோம். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் சரி, போகலாம். நான் இரண்டையும் தட்டுவேன். உன் அம்மா எப்போதும் ஒன்றுதான். நீ செருப்பை மாட்டினால் கதவில் ஒரு தட்டு, வாசலில் கால் வைத்தால் உலக்கையால் ஒரு தட்டு. "எங்கம்மாவுக்கு ரைட்டே தெரியாது" என்று நீ கேலி செய்தாய்.

ஆனால் தெருவில் தட்டுவதற்குத் தூண் இல்லை, அதை அந்த நெல் லாரி காட்டிக்கொடுத்தது. பஜாரில் நீ எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாய். களம்பூரிலிருந்து மூட்டை ஏற்றிவந்த லாரி பின்னோக்கி வந்தது. கிளீனர் கத்துகிறான். நான் கத்துகிறேன். உன் பெயரைத்தான் கத்தினேன். எனக்கு முதலில் எழுதவந்த பெயர். நீ கடையில் தொங்கிய வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டே போகிறாய். பூக்காரம்மா ஒருத்தி கூடையைப் போட்டுவிட்டு உன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். லாரி நின்றது. நீ அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் வாயைத் திறந்தபடியே நின்றிருந்தேன். எழுத்து கற்று எனக்கு வாய் முளைத்துவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். நீ எனக்கு முதுகு காட்டி நடந்தால் நான் மறுபடியும் ஊமைதான். வீட்டுக்கு வந்து இதை உன் அம்மாவிடம் சொன்னது தப்பு.

இப்போது உனக்கு மெட்ராஸில் வேலை வந்திருக்கிறது. இரும்புப் பட்டறையில் பற்றவைக்கும் வெல்டிங் வேலை. வேலையைச் செய்துகாட்டிவிட்டு வந்த அன்று உன் முகத்தைப் பார்த்தேன். "அங்க எல்லாரும் சைகையிலதாம்பா பேசறாங்க. அந்தச் சத்தத்துல யாருக்கும் காது கேக்காது" என்று கூடத்தில் நின்று சத்தமாய்ச் சொன்னாய். சத்தமாய்ப் பேசுகிறோமே என்ற கூச்சம் அன்று உன்னிடம் இல்லை. எனக்குச் சந்தோஷம்தான். அதே நேரத்தில் பட்டறைக்கும் நீ தங்கப்போகும் அறைக்கும் நடுவில் எத்தனை ரோடு, எத்தனை லாரி என்று மனசு எண்ணிக்கொண்டிருந்தது. உன் அம்மா அன்றிலிருந்து என்னைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "போவாதன்னு எழுதுங்க. நான் சொன்னா வாயப் பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கறான். எழுதிட்டா படிச்சித்தான ஆவணும்?" அவள் சொன்னதை எழுதாமல் விட எனக்கு உரிமை இல்லை. அதனால் எழுதுகிறேன், பெரிதாகவே எழுதுகிறேன். போகாதே என்கிறாள் உன் அம்மா. எழுதி முடித்ததும் எங்கே என்று கேட்டாள். காட்டினேன். அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த வார்த்தையின் கீழே என் பெயரையும் சேர்த்துவிட்டால் நீ நின்றுவிடுவாய் என்று எனக்குத் தெரியும். நீ அப்படிப்பட்டவன். இரண்டு நாளாக அந்த இடத்துக்கு வந்து வந்து திரும்புகிறேன். நீ நின்றுவிட்டால் மறுபடியும் பலகை முன்னால் உட்காருவாய், ஒட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. அதைப் பார்க்கவும் எனக்குப் பலம் இல்லை. நீ போவதைப் பார்க்கவும் பலம் இல்லை. எதற்கும் பலம் இல்லாதவன் சொல்கிற புத்தி என்று நினைத்துக்கொண்டே இதைப் படி. ரோட்டில் வண்டிகள் உன்னை எதிர்கொண்டு வரும் பக்கமாகவே நட. உன் பின்னால் எதையும் வரவிடாதே. கடையைப் பார்க்கவேண்டுமானால் நின்று பார். உரக்கப் பேசுகிறாய் என்று யாராவது முகம் சுளித்தால் பேச்சை நிறுத்திவிடாதே, எனக்குக் காது கேட்காது என்று அதே சத்தத்தில் சொல். அறையில் கூட இருக்கப் போகிறவனுக்கு முதல் நாளே நம் தட்டுக் கணக்கைச் சொல்லிக்கொடு. கல்யாணப் பேச்சு வந்தால் பெண்ணுக்கும் சொல்லிக்கொடு, அவள் கற்றுக்கொண்டால் நல்ல பெண். வாரம் ஒரு கார்டு போடு. எழுத்தைப் பெரிதாய், இடைவெளி விட்டு எழுது. இனி அதை முருகேசன் படிக்கமாட்டான். நான் எவ்வளவு மெதுவாகப் படித்தாலும் உன் அம்மா காத்திருப்பாள்.

டாங்கி இங்கேயே இருக்கட்டும் என்று நீ சொன்னாய். தறிக்கு மேலே மாடத்தில் வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் ஏன் மொழுமொழு என்று இருக்கிறது என்று கேட்கிறார்கள். கையில் எடுத்து உள்ளே பாருங்கள் என்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை, மெட்ராஸ் ரயிலைப் பிடிக்கப் போகும் வேலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார். நாங்கள் இருவரும் வருகிறோம். கண்டக்டர் விசில் உனக்குக் கேட்காது. ஜன்னலுக்குக் கீழே தகரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொள். வெளியே இருந்து நான் தட்டுகிறேன். இரண்டு தட்டு. இரண்டாவது வரக் கொஞ்சம் நேரமாகலாம், காத்திரு. இரண்டாவது வந்தபிறகும் இன்னொன்று தனியாக வந்தால், அது உன் அம்மா.

இறங்கிவிடாதே.

அப்பா